டிபிஏ/1 சுண்டெலிகளில் பாதிக்குத்தான் மூட்டு வீக்கம்: கோளாறு எந்தக் கட்டத்தில்?

பாலக்காட்டு லேப்:
மூட்டுவாத ஆய்வுக்காக டிபிஏ/1 இனச் சுண்டெலிகளுக்கு, மாட்டின் வகை 2 கொலாஜனை (குருத்தெலும்புப் புரதம்) முழு ஃப்ராய்ண்ட் துணைமருந்தோடு (கொன்ற காசநோய்க் கிருமி கலந்த, எதிர்ப்பைத் தூண்டும் எண்ணெய்) வாலடியில் போட்டு, 21ஆம் நாள் பூஸ்டரும் கொடுத்தோம். 35ஆம் நாளிலும் பாதிக்குத்தான் பாதம் வீங்கியிருக்கிறது. நோயெதிர்ப்பைத் தொடங்கும் டி செல்லே தூண்டப்படவில்லையா?

சித்தூர்க்காரர்:
முதலில் ஊசிக் கலவையை, அதாவது கொலாஜனும் எண்ணெயும் கலந்த குழம்பைப் பாருங்க சார். 0.05 மோலார் அசெட்டிக் அமிலத்தில் மில்லிக்கு 2 மில்லிகிராம் கொலாஜன், 4 டிகிரியில் இரவு முழுக்கக் கரைய வேண்டும். சம அளவு துணைமருந்து சேர்த்து, ஐஸ் மேல் வைத்தே கலக்குங்கள். தண்ணீரில் விட்ட சொட்டு கலையாமல் உருண்டையாக நிற்கணும். பரவினால் ஊசி போடாதீங்க. உங்க ஊர் மார்ச் வெயிலில் ஐஸ் இல்லாமல் வைத்தால் கொலாஜனின் மூவிழை முறுக்கு அவிழும். அதற்கு எதிராக வரும் ஆன்டிபாடி குருத்தெலும்பில் சரியாக ஒட்டாது. அளவு 100 மைக்ரோலிட்டர், தோலுக்குள்ளேயே.

வாளையார்:
ஊகம் வேண்டாம், 28ஆம் நாள் சீரத்தில் எலைசா (கொலாஜனுக்கு எதிரான ஆன்டிபாடியை அளக்கும் சோதனை) செய்யுங்கள். டென்ட்ரைட்டிக் செல் கொலாஜன் துண்டைக் காட்ட, சிடி4 வகை டி செல் விழித்து, ஆன்டிபாடி செய்யும் பி செல்லுக்கு உதவுகிறது. ஆன்டிபாடி குருத்தெலும்பில் படிந்து காம்ப்ளிமென்ட்டை (அழற்சியைத் தூண்டும் இரத்தப் புரதங்கள்) கிளப்ப, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு பாய்கிறது. ஆன்டிபாடி குறைவென்றால் முதல் பாதியில் கோளாறு. நிறைய இருந்தும் வீக்கமில்லை என்றால் பின்பாதி: அதைச் சோதிக்க, கே/பிஎக்ஸ்என் சீரம் (தானாகவே மூட்டுவாதம் வரும் சுண்டெலியின் சீரம்; ஆன்டிபாடி ஏற்கெனவே இருக்கும்) 150 மைக்ரோலிட்டர், 0, 2ஆம் நாட்களில் வயிற்றறைக்குள் கொடுங்கள். பின்பாதி சரியாக இருந்தால் டி செல் உதவியில்லாமலே சில நாளில் வீங்கும்.

சித்தூர்க்காரர்:
இன்னொன்று, ஆண் சுண்டெலிகள் சண்டையிட்டுக் கடித்த பாதமும் வீங்கும். கடிகாயம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வீக்கத்துக்கு 0–4 மதிப்பெண் போடுங்கள்.