தான் அழைத்த சாட்சியைத் தானே குறுக்கு விசாரணை செய்ய எப்போது அனுமதிக்கலாம்?

தராசுமுள்:
திருட்டு வழக்கொன்றில் மகஜர் (போலீஸ் பொருளைக் கைப்பற்றியதைப் பதியும் ஆவணம்) சாட்சி, "கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் ஸ்டேஷனில் வைத்துத்தான் போடச் சொன்னார்கள்" என்று கூறியதுமே, அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ்சாட்சியாக (அழைத்த தரப்புக்கு மாறாகச் சொல்பவராக) அறிவித்துத் தானே குறுக்கு விசாரணை செய்யக் கோரினார், நீதிமன்றமும் உடனே அனுமதித்தது. ஒரு விடை பாதகமாக வந்ததற்காக இப்படிச் செய்வது முறையல்ல. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 154ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 157ஆம் பிரிவும் இந்த அனுமதியை நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விட்டிருக்கின்றன என்றால், அந்தச் சாட்சி உண்மையையே சொல்லியிருக்கக் கூடுமா என்று நீதிபதி ஒரு கணமாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா?

சாட்சிக்கூண்டு:
இதை நான் ஏற்கவில்லை. சாட்சி பகைமை காட்டியிருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு எங்கும் கேட்கவில்லை. இங்கிலாந்துச் சட்டத்தின் அந்த நிபந்தனை நமக்குப் பொருந்தாது என்று சத்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. அனுமதி கேட்காமல் விட்டால் நேரும் இழப்பையும் பாருங்கள்: அரசுத் தரப்பே அழைத்து, பிறழ்சாட்சியாக அறிவிக்காமல் விட்ட மருத்துவரின் சாட்சியத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2005இல் ராஜாராம் எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில் தீர்ப்பானது.

இளம்வழக்காடி:
அனுமதி கொடுத்துவிட்டால் அந்தச் சாட்சியம் முழுவதும் அழிந்துவிடுமா?

சாட்சிக்கூண்டு:
அழியாது. நம்பத்தகுந்த பகுதியைச் சார்ந்திருக்கத் தடையில்லை என்பது 2006 முதல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

தராசுமுள்:
நடைமுறை வேறாக இருக்கிறதே! போலீஸ் பதிவு செய்த வாக்குமூலத்தைப் பத்தி பத்தியாகப் படித்து, "இப்படிச் சொன்னீரா?" என்று கேட்க, "சொல்லவில்லை" என்று அவர் மறுக்க, விசாரணை அதோடு முடிகிறது. அந்த வாக்குமூலம் முரண்பாட்டைக் காட்ட மட்டுமே உதவும், அதுவே சாட்சியமாகாது. இதற்காகவா அனுமதி?

சாட்சிக்கூண்டு:
அது கேட்கும் முறையில் உள்ள குறை. அதற்காக அனுமதியைச் சுருக்கக் கூடாது. 2015இல் உச்ச நீதிமன்றம் வேதனைப்பட்ட வினோத் குமார் வழக்கில், சாட்சியை அழைத்த தரப்பின் முதல் விசாரணைக்கும் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்கும் இடையே ஏறத்தாழ 20 மாதங்கள் ஓடின. சாட்சி அதற்குள் மாறிவிட்டார். அத்தகைய நிலையிலும் அனுமதிக்கலாம் என்று தாஹ்யாபாய் வழக்கில் 1964லேயே சொல்லப்பட்டது.

தராசுமுள்:
அதே தீர்ப்பு, எதிர்த்தரப்பு மீண்டும் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வாய்ப்பைத் தருவதோடு, அனுமதிக்கான காரணத்தை இரண்டு வரியில் பதிவும் செய்யட்டும். என் ஆட்சேபனையை விலக்கிக்கொள்கிறேன்.