டிவிடியில் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது: என்கோடிங் சரி, ஆதரிங்கில் சிக்கல்

மும்பை மாட்டுங்காவில் தமிழ் மன்றத் திரையிடலுக்கு 94 நிமிட ஆவணப்படம் ஒன்றை டிவிடியாக்க வேண்டும். கேமரா பக்கவாட்டில் நகரும் இடமெல்லாம் டிவியில் வெட்டி வெட்டி ஓடுகிறது.

மூலம் 1920 × 1080, நொடிக்கு 23.976 ஃபிரேம், ப்ரோகிரசிவ் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே முழுப் படம்). டிவிடி பிஏஎல் (இந்திய டிவி முறை), 720 × 576, 25 ஃபிரேம். முதலில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நேரடியாக மாற்றியதில் நொடிக்கு ஒரு ஃபிரேம் இரட்டித்து, நொடிக்கொரு குலுக்கல். அது எதிர்பார்த்ததுதான். அதனால் படத்தையும் ஒலியையும் சேர்த்து 4.27% வேகப்படுத்தினேன், சுருதி மாறவில்லை, நீளம் 90 நிமிடம் 9 நொடி. இந்த எம்பெக்-2 கோப்பு விஎல்சியில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

ஆதரிங் (மெனு, அத்தியாயம் சேர்த்து டிவிடி வடிவாக்குவது) முடிந்து டிஸ்க்கில் எழுதியதும் பழைய குருடி கதவைத் திறடி! பிட்ரேட்டை 8500-லிருந்து 6000 கேபிபிஎஸ்ஸாகக் குறைத்தேன். 4 மடங்கு வேகத்தில் எழுதினேன், டிஸ்க் கம்பெனியை மாற்றினேன், வேறு பிளேயரிலும் போட்டேன். பலனில்லை.

நேற்று டிஸ்க்கில் படம் இருக்கும் விஓபி கோப்பை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால், லோக்கல் ரயில் கடக்கும் ஷாட்டில் சன்னல் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள். ஆதரிங்குக்கு முந்தைய கோப்பில் அதே ஃபிரேம் சுத்தம். கோப்பு விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவும் முந்தையதை ப்ரோகிரசிவ் என்கிறது, விஓபியை இன்டர்லேஸ்டு (ஒரு வரி விட்டு ஒரு வரியாக இரண்டு பாதியாகப் பிரித்தது), பாட்டம் ஃபீல்டு (கீழ்வரிப் பாதி) முதலில் என்கிறது. ஆக, ஆதரிங் மென்பொருள் கேட்காமலே மறுபடி என்கோட் செய்கிறது. அதை நிறுத்தும் வழி செட்டிங்கில் எங்குமே இல்லை.

டிவிடிஆதர் என்ற இன்னொரு ஆதரிங் மென்பொருளின் கட்டளைவரியில் மெனு போடுவது பெரும்பாடு. விண்டோஸில், எம்பெக்-2 கோப்பைத் தொடாமல் அப்படியே வைத்து, மெனுவும் 12 அத்தியாயங்களும் சேர்த்துத் தரும் ஆதரிங் மென்பொருள் எது?