மகனைப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிக்கு முறுக்கு விற்றுச் சேர்த்த காசு

செந்தூல் அம்மா:

ஆஸ்பத்திரிக்கு நன்கொடை சேர்த்தவர்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் கதை இது. மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கோலாலம்பூரில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் பச்சிளங்குழந்தைகளுக்கான ஐசியுவில் வைத்திருந்தார்கள். பெயர் போடவில்லை, வார்டில் இருப்பவர்களுக்குச் சங்கடம் வேண்டாம்.

குறைமாதப் பிள்ளைகளுக்கு நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் விரிய ஒரு வழவழப்பான பொருள் தேவை, அது அவர்களுக்குப் போதுமான அளவு சுரந்திருக்காது. அதைக் குழாய் வழியாக உள்ளே விட்டார்கள். அப்புறம் மூக்கில் காற்று அழுத்தம் கொடுக்கும் மெஷின். இடையிடையே மூச்சுவிட மறந்துவிடும் என்பதால் காஃபீன் மருந்து. காப்பியில் இருக்கிற அதே சரக்குதான் என்று மிஸ்ஸி (தாதி) சொன்னதும் என் மாமியார், "பச்சப்புள்ளைக்குக் காப்பியா?" என்று வாயைப் பிளந்தார். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அதற்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது பில் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பு வார்டுக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளி, அதாவது 3 ரிங்கிட். தனியாரில் இதே கவனிப்புக்கு ஒரு நாளே ஆயிரக்கணக்கில் போயிருக்கும். என் வீட்டுக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. ஏதாவது திருப்பிச் செய்யவேண்டும் என்ற பேச்சு வீட்டில் அன்றைக்கே தொடங்கியது.

மாமியார் ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு ஆர்டர் எடுப்பவர். தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்த முறுக்கு. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அவருக்குப் பெயர் உண்டு. இந்த வருஷம் லாபம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு என்று அவரே சொல்லிவிட்டார். சின்ன மாமாவின் யோசனை வேறு மாதிரி. "குழாயோட இருக்கிற பாப்பா படத்தைப் போடும்மா, வாட்சப்ல பறக்கும்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால், லேமினேட் செய்த குழந்தைப் படத்தோடு யாராவது மேசை மேசையாக வருவார்கள், பார்த்திருப்பீர்கள். உண்மையா பொய்யா என்று நமக்குத் தெரியாது, அந்தக் குழந்தையை யாரும் கேட்டதும் கிடையாது. என் மகன் நாளைக்குப் பள்ளிக்கூடம் போவான். அவனுடைய அந்தப் படம் யார் யார் போனிலோ கிடக்கவேண்டாம். போத்தல் மூடியில் ஒரு துண்டுத்தாள் மட்டும் ஒட்டினோம்: "லாபம் குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு."

கோயில் வாசலிலும் பசார் மாலாம் இரவுச் சந்தையிலும் டின் வைக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. தெருவிலோ வீடு வீடாகவோ நன்கொடை எடுக்க 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, போலீஸ் பெர்மிட் வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம், முறுக்கே போதும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்த சிக்கல், என்ன வாங்குவது? மாமாவுக்கு மெஷின்தான் வாங்கவேண்டும், அதில் குடும்பப் பெயரை ஒட்டவேண்டும். வார்டின் மூத்த மிஸ்ஸியிடம் கேட்டேன். அவர் நேராகச் சொன்னார்: மெஷின் என்றால் அந்த மாடல் இங்கே பொருந்துமா, யார் பராமரிப்பது, கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று ஆயிரம் கேள்வி. மருத்துவ சமூகப்பணிப் பிரிவில் போய்ப் பேசுங்கள் என்றார். பில் கட்ட முடியாதவர்கள்தான் அங்கே போவார்கள் என்று அதுவரை எனக்கு எண்ணம். அங்கேதான் விஷயமே விளங்கியது: தூரத்திலிருந்து வரும் அம்மாக்களுக்கு வந்துபோகும் செலவுதான் சிக்கல்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு தங்கச்சி இருந்தாள், பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்து வீடு. இரண்டாவது வாரம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பிள்ளை உள்ளேயே. பால் கறந்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறி வருவாள். குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் குடலைக் காக்கும் மருந்து மாதிரி. பால்மாவை நம்பும் பிள்ளைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குக் குடல் அழுகும் ஆபத்து குறைவு என்று டாக்டரே சொல்லியிருந்தார். வைத்தியத்துக்கு அவளும் நாளுக்கு 3 வெள்ளிதான் கட்டினாள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போன காசு எந்த பில்லிலும் வராது. ஒரு வாரம் அவளால் வரமுடியவில்லை. அந்த வாரம் பிள்ளைக்குப் பாலும் இல்லை, நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஆளும் இல்லை.

ஆகவே நாங்கள் கொடுத்தது இரண்டு வகை. கொஞ்சம் பணம், தூரத்திலிருந்து வரும் அம்மாக்களின் பஸ் செலவுக்காக, ஆஸ்பத்திரியின் நோயாளிகள் நலநிதிக்கு. மீதியில் சாய்ந்து உட்காரும் நாற்காலிகள். சட்டையைத் தளர்த்திப் பிள்ளையை நெஞ்சில் போட்டு மணிக்கணக்கில் இருக்கவேண்டும், பிளாஸ்டிக் நாற்காலியில் அறுத்த வயிறு தாங்காது. துடைத்தால் சுத்தமாகும் உறை போட்டதாகத்தான் இருக்கவேண்டும் என்று வார்டில் சொன்னார்கள், துணி உறை கூடாது. நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம், அதை ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாமா நாற்காலிக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டர்வொர்த் அப்பா:

செந்தூல் அம்மா சொன்ன பஸ் செலவு நூற்றுக்கு நூறு. எங்கள் மகளுக்கு இதயத்தில் ஓட்டை, கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்துக்கு அனுப்பினார்கள். அறுவைச் சிகிச்சைச் செலவை எப்படியோ நிதிகள் வழியாகச் சமாளித்துவிட்டோம். தங்குவதும் சாப்பிடுவதும், வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளம் போனதும்தான் எங்களை உட்காரவைத்தது. இ.டி.எஸ். ரயிலில் நாலு மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்து ராத்திரி பஸ்ஸில்தான் ஏறுவேன். பிள்ளை தேறிய பிறகு பினாங்கில் நண்பர்கள் சேர்ந்து ஒரு கால்பந்துப் போட்டி வைத்தார்கள். அந்தக் காசை அப்படியே, வடக்கிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன இன்னொரு குடும்பத்திடம் கொடுத்தோம். ரசீது, கணக்கு ஒன்றும் கிடையாது. சரியா என்று கேட்டால் தெரியாது, அந்த நேரத்துக்கு அது போய்ச் சேர்ந்தது.

கிள்ளான் அக்கா:

கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி. படம் போடமாட்டேன் என்பது நாளுக்கு 3 வெள்ளி பில் வந்தவர்களின் பேச்சு. என் தம்பி மகனுக்குப் பித்தநாளம் அடைப்பு. பித்தம் குடலுக்கு வடிய வழிசெய்யும் 'கசாய்' என்ற அறுவைச் சிகிச்சையை நாள் தள்ளிச் செய்ததால் கைகொடுக்கவில்லை. கல்லீரல் மாற்ற இந்தியா போகவேண்டியதாயிற்று. தம்பி மனைவியின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பிள்ளைக்கு வைத்தார்கள். அதற்கான தொகையை முறுக்கு விற்றுச் சேர்க்க முடியாது. மஞ்சள் பூத்த கண்ணோடு அவன் படத்தைப் போட்டோம், ஒரு மாதத்தில் பணம் வந்தது. அவன் இப்போது நன்றாக இருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்து வெட்கப்படுவானா என்று அவன் வளர்ந்து சொல்லட்டும்.

இன்னொன்று, இரண்டு வாரம் தாண்டியும் பிள்ளைக்கு மஞ்சள் இறங்காமல், மலம் வெளிறிப் போனால், காலை வெயிலில் காட்டு என்று சொல்லும் பாட்டிகளை நம்பி உட்காராதீர்கள். அன்றைக்கே கிளினிக் போங்கள்.

செந்தூல் அம்மா:

அக்கா, கோபம் ஒன்றும் இல்லை. உங்கள் நிலைமையில் நானும் போட்டிருப்பேனோ என்னவோ. உயிர் காப்பாற்றக் கேட்பதும் நன்றி சொல்லக் கொடுப்பதும் ஒன்றில்லை. நன்றிக்கு என் மகனின் குழாய்ப் படம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

வார்டில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். கேட்காமல் கொண்டுவருவதில் பாதி ஸ்டோரில்தான் கிடக்கும். முடி வைத்த பொம்மைகள் வேண்டாம், கிருமி தங்கும், குழந்தைகள் ஐசியுவில் விடமாட்டார்கள். குறைமாதக் குழந்தை அளவு பேம்பர்ஸ் எப்போதும் தேவை, கடையில் லேசில் கிடைக்காது, ஆனால் எந்த அளவு என்று முதலில் கேளுங்கள். பணம் என்றால் டாக்டர் கையிலோ மிஸ்ஸி கையிலோ கொடுக்காதீர்கள், நாங்கள் வாங்கக்கூடாது. அலுவலகத்தில் கொடுத்து அரசாங்க ரசீது வாங்குங்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு வார்டுக்கு கேக் கொண்டுவருகிறவர்கள் இரவு ஷிப்டையும் நினைத்துக்கொள்ளுங்கள், பகல் ஷிப்டே எல்லாவற்றையும் தின்றுவிடும்.

செந்தூல் அம்மா:

மிஸ்ஸி அக்கா, கேக் விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். அடுத்த தீபாவளிக்கும் மாமியார் ஆர்டர் எடுக்கிறார், ஒரு போத்தல் 25 வெள்ளி. அந்த லாபம் முழுக்க பஸ் செலவு நிதிக்குத்தான். மாமாவுக்கு இன்னும் தெரியாது.