மருந்துக்கடங்காமை: இரத்தத் தொற்றுச் சோதனைக்கு ஒரு பெயர்

குழு நண்பர்களுக்கு வணக்கம். இரத்தத் தொற்றுக் கிருமியிடம் மருந்துக்கு அடங்காமல் இருக்கச் செய்யும் மரபணு உண்டா என்று சீக்கிரம் பார்க்கும் சோதனைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது. முதலில், ஓர் உறுப்பினர் எழுதியது:

> "நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு மரபணு விரைவுக் கண்டறிதல் சோதனை" என்றே வைக்கலாமே. பொருள் முழுதாக வந்துவிடுகிறது.

பொருள் வருகிறது ஐயா, ஆனால் கேட்பவருக்குப் போய்ச் சேராது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எதிர்ப்பில் எது மருந்தினுடையது, எது கிருமியினுடையது? அதைவிடப் பெரிய சிக்கல், "எதிர்ப்பு" நம் மக்களுக்கு நல்ல செய்தி. நோய் எதிர்ப்புச் சக்தி என்று கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பேசினோம். மதுரை பெரியாஸ்பத்திரிக்குத் தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். ஐ.சி.யு. வாசலில் நிற்கும் ஒரு தாயிடம் "எதிர்ப்பு இருக்கிறது" என்று சொன்னால், பிள்ளை தேறிவிடுவான் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

எங்கள் பக்கம் "காய்ச்சல் மாத்திரைக்கு அடங்கல" என்பார்கள். அந்தப் பேச்சிலிருந்தே எடுக்கலாம்: மருந்துக்கடங்காமை. கட்டுக்கடங்காமை என்று ஏற்கெனவே புழங்கும் சொல்லின் அச்சு அது. "மருந்தடங்காமை" என்று சுருக்கச் சொன்ன நண்பருக்கு: "கு" போனால் மருந்தே அடங்காதது போல் ஆகிவிடும். இரண்டெழுத்து கூடினாலும் இருக்கட்டும்.

"மருந்து தாங்குதிறன்" வேண்டவே வேண்டாம். மருந்து இருக்கும்போது பெருகாமல், ஆனால் சீக்கிரம் சாகாமல் நாளைக் கடத்தும் கிருமிகள் வேறு வகை. அந்தச் சொல்லை அவற்றுக்கு ஒதுக்கி வைப்போம். நாம் பேசுவது மருந்துக்கு நடுவிலும் பெருகும் கிருமியை.

அப்புறம் சோதனையின் பெயர். இரத்தத் தொற்றில் பெரியவர்களின் இரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும். பல நேரம் ஒரு மில்லிக்குப் பத்துகூடத் தேறாது. அதனால்தான் கல்ச்சர் பாட்டிலில் வளர்க்கிறார்கள். வளர்ந்தது தெரியப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள், எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க மேலும் ஒன்றிரண்டு நாள். செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உறுப்புகளே செயலிழக்கும் நிலையில் உள்ள நோயாளிக்கு அந்த இரண்டாவது காத்திருப்பு உயிரோடு விளையாடுவது. கிருமி வளர்ந்த பாட்டிலிலிருந்து நேரே பிசிஆர் (மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் முறை) செய்தால், கிருமியை மருந்துக்கு அடங்காமல் செய்யும் மெக்-ஏ, என்.டி.எம்., ஆக்சா-48 போன்ற மரபணுக்கள் இருக்கின்றனவா என்பது சுமார் ஒரு மணி நேரத்தில் தெரியும். "விரைவு" பெயரில் கட்டாயம் வேண்டும்.

"மருந்துத் தேர்வுச் சோதனை" என்ற யோசனையை மட்டும் நான் கடுமையாக மறுக்கிறேன். இந்தச் சோதனை தன் பட்டியலில் உள்ள மரபணுக்களை மட்டுமே தேடும். கிருமி தன் சுவரிலுள்ள துளைகளைக் குறைத்துக்கொண்டோ, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்தோ தப்பினால் அது இதில் சிக்காமல் போகலாம். மரபணு இல்லை என்று வந்த தாளைப் பார்த்து மருந்து கேட்கும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் வழக்கமான சோதனையும் நடந்தாக வேண்டும்.

என் பரிந்துரை: மருந்துக்கடங்காமை மரபணு விரைவுச் சோதனை. முடிவுத் தாளில் "மரபணு காணப்பட்டது", "தேடிய மரபணுக்கள் காணப்படவில்லை" என்ற இரண்டே வரிகள் போதும். "தேடிய" என்பதை யாரும் வெட்டிவிட வேண்டாம்.

குருதியா இரத்தமா என்ற வழக்கை இதில் இழுக்க வேண்டாம். இரத்த வங்கி முதல் வார்டு வரை இரத்தம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் உறுப்பினர்கள் இந்தப் பெயரை உடன் வேலை செய்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எங்கே நாக்கு இடறுகிறது என்று எழுதுங்கள்.