கற்பனை உலக வரைபடம்: ஒரே ஏரியிலிருந்து இரண்டு கடலுக்கு ஆறு போகுமா?

மசிக்கூடு: கதைக்காக ஒரு கண்டம் வரைகிறேன். நடுவில் பெரிய ஏரி; அதிலிருந்து ஓர் ஆறு கிழக்கே, இன்னொன்று மேற்கே. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கோ இடிக்கிறது. என்ன தப்பு?

நீர்மட்டம்: ஏரிதான். இரண்டு வாயில் எது ஒரு சாண் தாழ்வோ அதில் தண்ணீர் அதிகம் ஓடும். ஓட ஓட அது அரித்து ஆழமாகும், ஏரி மட்டம் இறங்கும், மற்ற வாய் வறண்டுவிடும். உள்ளே எத்தனை ஆறும் வரலாம், வெளியே ஒன்றுதான். முதலில் மலைமுகடுகளை வரையுங்கள், கடைசியில் ஆறு. அதையும் கடலிலிருந்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். துணையாறு சேருமிடத்தின் கூர்முனை கடல் பக்கம் பார்க்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

களிமண்: விதிவிலக்கு உண்டு. வெனிசுவேலாவின் காசிக்கியாரே ஆறு, ஒரினோக்கோ ஆற்றுத் தண்ணீரில் ஒரு பங்கைப் பிரித்து ரியோ நெக்ரோ வழியாக அமேசானுக்குக் கொண்டுபோகிறது, 300 கிலோமீட்டருக்கு மேல். அங்கே நிலம் கிட்டத்தட்ட தட்டை. மலைநாட்டில் இதை நம்ப வைக்க முடியாது. ஒரு வரைபடத்துக்கு ஒன்று போதும்.

நீர்மட்டம்: சரிதான். கழிமுகத்தில் பிரிவதும் வேறு கதை, அங்கே வண்டல் படிந்து வழி அடைபடுகிறது.

ஊதல்: காற்றுத் திசையை முடிவு செய்தீர்களா? பெரு நாட்டில் ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவில் காடு, மேற்குக் கரையில் பாலை (குளிர் நீரோட்டத்தின் கைங்கரியமும் சேர்த்தி). மழை மறைவுப் பக்கம், அதாவது காற்று எதிர்ச்சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் பக்கம், ஆற்றை நெருக்கமாகப் போடாதீர்கள்.