ஒயிட் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் சமமாகக் கலந்த ‘ஷ்ஷ்’ இரைச்சல்) போட்டு ஆடியோ ஃபில்டர் சோதித்தவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

திருப்பாதிரிப்புலியூர்க்காரன்:
சும்மா ஒரு லோ பாஸ் ஃபில்டர், கீழ் அலைவரிசையை விட்டுவிட்டு மேலே இருப்பதைக் குறைப்பது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 15 நானோ ஃபாரட் கெபாசிட்டர். கணக்குப்படி 1,060 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்ட வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஒரு நிமிஷ ஒயிட் நாய்ஸ் உருவாக்கி, ஃபில்டர் வழியாக ஆம்ப்புக்கு விட்டு, ஸ்பீக்கர் முன்னால் ஃபோனில் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தால் இரண்டு நொடி ‘ஷ்ஷ்ஷ்’, அப்புறம் வாயைப் பொத்தியது போல அமுங்கிப் போச்சு. ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் போட்டாலும் அதே கதை! மூன்றாவது முறை போடும்போது அடுப்பங்கரையிலிருந்து அம்மா, “குழாய மூடுடா, டேங்கு காலியாகுது” என்றார். அவர் காதில் விழுந்தது ஃபோன் காதில் விழவில்லை. இரைச்சலைக் குறைக்கும் வசதி தானாக ஓடியிருக்கிறது. ஒரே சீராக வருவதெல்லாம் அதற்குக் குப்பை. எனக்கு வேண்டியதே அந்தக் குப்பைதான்.

முத்தியால்பேட்டை:
ஃபோனை நம்பினால் அப்படித்தான். நான் நேராக ஒயரில் எடுத்தும் ஏமாந்தேன். ஹை பாஸ் (கீழே இருப்பதைக் குறைப்பது) கட்டினேன். கீழ்ப்பக்கம் சரி, ஆனால் 16 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் வரைபடத்தில் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி. ஆப் ஆம்ப் என்ற பெருக்கிச் சிப்பை மாற்றினேன். கெபாசிட்டரைக் கழற்றும்போது போர்டிலிருந்த செப்புத் தடமே உரிந்து சால்டரிங் அயர்ன் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ராத்திரி 1 மணி. குற்றவாளி, நெட்டில் இறக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3. அது மேலே இருப்பதை முன்பே வெட்டி எறிந்திருக்கிறது. சுருக்காத வேவ் ஃபைல் போட்டதும் ஒழுங்காக வந்தது. போர்டுதான் போச்சு.

தேவனாம்பட்டினம்:
ஃபைலே எதற்கு? கடலூர் சில்வர் பீச்சில் அரை மணி நேரம் அலையைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பேஸ், ட்ரெபிள் எல்லாம் அதில்தான் பார்ப்பேன். நடுவில் சுண்டல்காரர் குரல் ஒன்று மாட்டியிருக்கிறது. லோ பாஸைக் கீழே இறக்க இறக்க, “சுண்டல்” என்றவர் “உண்டல்… உண்டல்…” என்று போகிறார்!

முதுநகர்:
அண்ணே, அலை ஒயிட் நாய்ஸ் ஆகாது. ஏறும், இறங்கும், மைக்கில் காற்று அடித்தால் கீழ் அலைவரிசையில் குவியும். ஒயிட் நாய்ஸ் என்றால் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் சம பங்கு. அதனால்தான் ஆக்டேவ் (அலைவரிசை இரட்டிப்பாகும் இடைவெளி) பட்டையாகக் காட்டும் மீட்டரில் ஆக்டேவுக்கு 3 டெசிபல் ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்து ஃபில்டரைத் திட்டாதீர்கள், அங்கே ஆக்டேவுக்குச் சம பங்கு உள்ள பிங்க் நாய்ஸ் போடுங்கள். திருப்பாதிரிப்புலியூர் தம்பி, ஃபோன், ஸ்பீக்கர், அறை மூன்றையும் விட்டுவிட்டு ஒயர் போட்டு கம்ப்யூட்டரின் லைன் இன் சாக்கெட்டில் எடுங்க. ஆனால் அந்த லைன் இன்னின் உள்தடையும் 10 கிலோ ஓமாக இருந்தால் சிக்னல் பாதியாகி, வெட்டு 2,100க்கு ஓடிவிடும். லைன் இன் ஃபில்டரை இழுக்காதபடி நடுவில் ஆப் ஆம்ப் பஃபர் ஒன்று வையுங்க. ஃபில்டரோடு ஒரு பதிவு, இல்லாமல் ஒரு பதிவு, இரண்டுக்கும் ஒரே வால்யூம். 30 நொடி சராசரி எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், 1,060இல் 3 டெசிபல் இறங்கியிருக்கும், அதற்கு மேலே போகப் போக ஆக்டேவுக்கு 6.

என் அனுபவமா? வால்யூமைக் குறைக்க மறந்து முழுசாக விட்டேன். மேல் அலைவரிசைக்கான ட்வீட்டர் ஸ்பீக்கரிலிருந்து கருகல் வாடை வந்தது.

திருப்பாதிரிப்புலியூர்க்காரன்:
ஒயரில் போட்டுப் பார்த்தேன் அண்ணே. நீங்கள் சொன்ன மாதிரியே 2,000க்கு மேலே நிற்கிறது. பஃபர் நாளைக்கு.

தேவனாம்பட்டினம் அண்ணே, அந்த ‘உண்டல்’ ஃபைலைக் கொஞ்சம் அனுப்புங்களேன். வேவாகவே.