சிபாப் போட்டும் மூச்சு நிற்கிறதா? ‘சென்ட்ரல்’ வந்தவர்கள் சொல்லுங்கள்

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்பதற்காக, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷினைப் போட ஆரம்பித்த பிறகு என் ஏஹெச்ஐ 5-க்குக் கீழே வந்துவிட்டது. அதாவது மூச்சு நிற்பதோ குறைவதோ மணிக்கு ஐந்து தடவைகூட இல்லை. டாக்டருக்குத் திருப்தி, எனக்குத்தான் இல்லை. மெஷினின் எஸ்டி கார்டை, அதன் பதிவுகளைக் காட்டும் ஆஸ்கார் மென்பொருளில் போட்டுப் பார்த்தால், மிச்சமிருப்பதில் பாதிக்கு மேல் ‘சிஏ’, அதாவது ‘சென்ட்ரல்’ வகை. தொண்டை அடைக்கவில்லை, வழி திறந்தே இருக்கிறது, ஆனால் மூச்சை இழுக்கச் சொல்லி மூளையிலிருந்து உத்தரவு வரவில்லை என்று அர்த்தம். படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

டாக்டர் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பெரும்பாலான சிஏ கண் அயரும் நேரத்திலும், புரண்டு படுத்த உடனேயும்தான். புரளும்போது ஒரு பெருமூச்சு விடுகிறோம், ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. ஓர் அளவுக்குக் கீழே போனால் மூளை சும்மா இருந்துவிடும். வாயு மறுபடி சேர்ந்ததும் மூச்சு தானாக வரும். பத்து விநாடி நின்றாலே மெஷின் கணக்கில் எழுதிவிடும். நாம் தூங்குகிறோமா, முழித்துக்கொண்டு கிடக்கிறோமா என்பது அதற்குத் தெரியாது.

சிகிச்சை தொடங்கியதும் புதிதாகச் சென்ட்ரல் வருவது சிலருக்கு உண்டு, பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் அடங்கிவிடும் என்றார். அழுத்தத்தை மட்டும் நீங்களாகக் கூட்டாதீர்கள், அது அடைப்புக்குத்தான் மருந்து, சென்ட்ரலைச் சில சமயம் அதிகமாக்கும் என்றார். மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் இறங்கும் வசதியும் சிலருக்கு அப்படித்தானாம். எனக்கு அதை 3-லிருந்து 1-க்குக் குறைத்தார். இப்போது எப்போதாவது ஒன்றிரண்டு வருகிறது. பகலில் தூக்கம் சொக்குவதில்லை, அதனால் தினமும் ரிப்போர்ட் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

மறுமொழி:
எனக்கு லடாக் போனபோது சார். லே சுமார் 3,500 மீட்டர் உயரம். முதல் இரவுகளில் ரிப்போர்ட் முழுக்க சிஏ. அங்கே ஆக்சிஜன் குறைவு, உடம்பு வேகவேகமாக மூச்சு வாங்கிக் கரியமில வாயுவை வெளியே தள்ளிவிடும், அப்புறம் மூச்சு நிற்கும். குறட்டையே விடாத என் மனைவியும் திடுக்கிட்டு எழுந்தாள்! சென்னை வந்ததும் பழையபடி ஆகிவிட்டது.

மறுமொழி:
எல்லோருக்கும் அப்படித் தானாக அடங்காது. அப்பாவுக்கு இதயம் பலவீனம். மூச்சு மெல்ல ஏறும், இறங்கும், நிற்கும், மறுபடி ஏறும். செய்ன்-ஸ்டோக்ஸ் என்று பெயர். மாதக்கணக்கில் குறையவில்லை. மூச்சுக்கு ஏற்ப அழுத்தத்தைத் தானே மாற்றும் ஏஎஸ்வி மெஷின் வாங்கலாமா என்று கேட்டோம். கார்டியாலஜிஸ்ட் முதலில் எக்கோ எடுக்கச் சொன்னார். 2015-ல் வந்த சர்வ்-ஹெச்எஃப் ஆய்வில், இதயத்தின் பம்பிங் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் அந்த மெஷின் போட்டவர்களுக்கு இதய நோய் மரணம் கூடியிருந்தது. அப்பாவுக்கு 35. வேண்டவே வேண்டாம் என்றுவிட்டு, இதய மருந்துகளை மாற்றினார். மூட்டுவலிக்குச் சாப்பிட்டுவந்த, ஓபியாய்டு வகை வலி மாத்திரையான டிரமடாலையும் விசாரித்துப் படிப்படியாக நிறுத்தச் சொன்னார், அந்த வகை மாத்திரைகளும் மூச்சுக்கான உத்தரவை மந்தமாக்கும் என்று. சென்ட்ரல் அதிகமாக இருந்தால், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.